எறங்கு

இந்தச் சித்திரைக்கும் அந்தப் பாட்டு வந்துவிட்டது. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற ஷேர் ஆட்டோவில், ஜிகர்தண்டா கடையில், அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரின் செல்போனில். ‘எறங்கு... எறங்கு...’ என்று ஒரு பெண் குரல். அதற்குக் கீழே அசைந்து அசைந்து வரும் பேஸ் கிட்டார். செல்போன் படத்தில் தங்கக் குதிரையில் அழகர் வைகைக்குள் இறங்கிக்கொண்டிருப்பார். “அழகர் பாட்டு சார். வருஷா வருஷம் இதத்தான் ஸ்டேட்டஸ் வைப்பேன்” என்கிறார் பக்கத்து மேசைக்காரர். அதில் டிரம்ஸ் வாசிப்பது நான்தான் என்று அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் மனிதருடைய திருவிழா கெட்டுப்போகும்.

பாடியவளை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும். இப்போது திருப்பூரில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. எதுவும் ‘தானா’ நடந்ததாக யாராவது சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. “கரண்ட் போச்சு” என்று நாம் சொன்னால், “போகல. நிப்பாட்டிருக்காங்க” என்பாள். “குழாயில தண்ணி வரல” என்றால், “வரலயா, விடலயா?” என்பாள். “பஸ்ஸு நிக்காம போயிருச்சுக்கா” என்று நான் மூச்சு வாங்க மாடி ஏறி வந்த அன்றைக்கு, “பஸ்ஸு என்னடா செய்யும் பாவம், டிரைவரு நிப்பாட்டல” என்று பஸ்ஸுக்காகப் பரிந்து பேசினாள். ஒருமுறை என் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவியது. “உடைஞ்சிருச்சு” என்றேன். “உடைச்சிட்டேன்னு சொல்லு. வாய் கோணிறாது” என்றாள். டீக்கடைக்காரரே கிளாஸைப் பற்றிக் கவலைப்படவில்லை, இவளுக்கு மட்டும் வினைச்சொல் சரியாக இருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

பி.ஏ. தமிழ் படித்தவள். தன்வினை, பிறவினை என்று எல்லாரும் எட்டாம் வகுப்பில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோமே, அதை இவள் மறக்கவே இல்லை. படித்துவிட்டு வேலை பார்த்தது ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில். “நாள் பூரா நின்னுக்கிட்டே இருப்பீங்களாக்கா?” என்று கேட்டேன். “நிக்கல. நிக்க வைக்கிறாங்க” என்றாள். அதே கடையில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, காலையில் சாப்பிடாமல் வந்தவள், மதியம் மயங்கிச் சாய்ந்திருக்கிறாள். சூப்பர்வைசர் முதலாளிக்குப் போன் போட்டு, “ஒண்ணுமில்ல சார், பொண்ணு ஒண்ணு விழுந்துருச்சு” என்றாராம். அக்கா அவர் பக்கத்தில் போய், போனுக்கும் கேட்கிற மாதிரி, “விழ வச்சுட்டோம்னு சொல்லுங்க சார்” என்றாளாம். மறுநாளே அவளைப் பட்டுப் பிரிவிலிருந்து குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். எங்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். “நானா மாறிக்கிட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்கடா. எம்புட்டு நல்லவங்க பாரு.”

எங்கள் பேண்டில் மூன்றே பேர். நான் திருநகர், அப்பாவுக்கு பேங்க் உத்தியோகம், வீட்டில் டிரம்ஸ் அடித்தால் அக்கம்பக்கம் மனு எழுதும் ஏரியா. கிட்டார் வாசித்த சாதிக் கோரிப்பாளையம். அக்கா செல்லூர்க்காரி, அவள்தான் எங்களுக்கு இடம் பிடித்துக்கொடுத்தாள். விசைத்தறிக் கூடத்துக்கு மேலே ஒரு தகரக் கூரை அறை. கீழே தறி ஓடுகிற சத்தத்தில் நாங்கள் என்ன செய்தாலும் வெளியே கேட்காது. பேண்டுக்கு ‘கரகரப்பு’ என்று பெயர். முதல் நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் அடித்தவர் அதைக் கரகரப்பு இன்னிசைக் குழு என்று போட்டுவிட்டார். நாங்கள் வாசித்தது பங்க், கத்திப் பாடுகிற ராக் வகை. அதில் இன்னிசை என்று ஒன்றும் கிடையாது. “கிட்டார்ல மூணு கார்டு தெரிஞ்சாப் போதும் மாப்ள, மிச்சமெல்லாம் கோவம்” என்று சாதிக் அதற்கு விளக்கம் சொல்வான். மூன்று கார்டும் அவனுக்குத்தான் தெரியும். கோபம் அக்காவிடம் இருந்தது. நான் வேகமாக அடிப்பேன், அம்புட்டுத்தான்.

அக்காவுக்கு ஒரு தம்பி. அவனுக்கு என் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து மூலையில் உட்கார்ந்து, எங்கள் சத்தத்தைக் கேட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரிப்பான். “இதுக்கு தறிச் சத்தமே தேவல” என்பான். கழிவுநீர் வண்டி வைத்திருந்த ஒரு காண்ட்ராக்டரிடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். குழாயை விட்டு உறிஞ்சுவதுதான் வேலை, ஆள் தொட்டிக்குள் இறங்கவே கூடாது என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தான். ஒரு நாள் ஏதோ லாட்ஜின் தொட்டியில் செத்துப்போனான். விஷவாயு.

கால் தவறி விழுந்துவிட்டான் என்று லாட்ஜில் சொன்னார்கள். காண்ட்ராக்டரும் அதையே சொன்னார். பேப்பரில் நான்கு வரி வந்தது, அதிலும் தவறி விழுந்து என்றுதான் இருந்தது. அன்று அவனோடு வேலைக்குப் போயிருந்தது மாரி என்கிற ஒரே ஒருவன். மாரியும் போலீஸில் அதையே சொல்லியிருந்தான். ஆனால் பிணவறை வாசலில், காண்ட்ராக்டர் டீ குடிக்கப் போன நேரத்தில், அவன் அக்காவின் காதோரம் வந்து சொன்னதை நானும் சாதிக்கும் பக்கத்தில் நின்று கேட்டோம்.

“விழலக்கா. குழாய் அடைச்சுக்கிருச்சு. லாட்ஜு மேனேஜரு வந்து, ‘எறங்குடா, ரெண்டு நிமிஷ வேல’ன்னாரு. மாட்டேன்னு சொல்லிப் பாத்தான். ‘எறங்கு’ன்னு இன்னொரு வாட்டி சத்தம் போட்டாரு. எறங்குனான்.”

அக்கா அழவில்லை. “இன்னொரு தடவ சொல்லு” என்றாள். மாரி இன்னொரு தடவை சொன்னான். அவள் உதடு அசைந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தாள்.

விழுந்தான் என்றால் விபத்து. எறங்கு என்று ஒருவர் சொல்லி அவன் இறங்கியிருந்தால், அதைச் சொன்னவர் என்று ஒருவர் இருக்கிறார். அக்காவுக்கு அதற்குப் பிறகு வாழ்க்கையில் வேண்டியிருந்தது இது ஒன்றுதான். தன் தம்பி தானாக விழவில்லை என்று கோர்ட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அலைந்து, மறியலில் உட்கார்ந்து, மேனேஜர் மேல் வழக்கு வரும்வரை அவள் விடவில்லை.

பாட்டு அந்த நாட்களில் வந்ததுதான். முதலில் அதைப் பங்க்காகத்தான் போட்டோம். அக்கா தொண்டை கிழியக் கத்தினாள், நான் அடித்த அடியில் ஒரு சொல்லும் புரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள். “நான் சொல்றது எனக்கே கேக்கலடா. அந்த மேனேஜர் சொன்னான் சொன்னான்னு கத்துறேன், என்ன சொன்னான்னு ஒருத்தனுக்கும் விளங்காது” என்றாள்.

சாதிக்தான் ரெகே என்று வேறொரு இசையைச் சொல்ல ஆரம்பித்தான். செல்போனில் போட்டுக் காட்டினான். அக்கா முகத்தைச் சுளித்தாள். “என்னடா இது, தொட்டில் ஆட்டுற மாதிரி இருக்கு.”

“அப்படித்தான்க்கா இருக்கும். அடிமையாக் கொண்டு போன சனங்களோட வம்சம். ஒரு தீவுல பொறந்த பாட்டு. அம்புட்டுக் கோவத்தயும் உள்ள வச்சுக்கிட்டு மெதுவாச் சொல்லுவாங்க. லண்டன்ல பங்க் பசங்களும் தீவுலருந்து வந்தவங்களும் ஒரே தெருவுல இருந்தாங்க, ஒரே போலீசுகிட்ட அடி வாங்குனாங்க. அதுல தீவுக்காரங்க பாட்டு பங்க் பசங்கள்ட்ட ஒட்டிக்கிருச்சு.”

“ஒட்டிக்கிருச்சா? தானாவா?”

“யா அல்லா” என்று சாதிக் தலையில் கைவைத்தான். “எடுத்துக்கிட்டாங்கக்கா. போதுமா?”

நாலு தட்டில் முதல் தட்டை டிரம்ஸ் விட்டுவிட வேண்டும், மூன்றாவதில்தான் போட வேண்டும். கிட்டார் இடையிடையே சின்னதாக வெட்டும். பாட்டை இழுத்துப் போவது பேஸ், அது அக்காவின் கையில் இருந்தது. எனக்கு அந்த முதல் தட்டை விடுவது பெரும்பாடாக இருந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கொட்டு எல்லாம் முதல் தட்டில்தான் இறங்கும். கை தன்னால் போய் அடித்துவிடும். அக்கா ஒவ்வொரு முறையும் நிறுத்தினாள். ஒருமுறை என் அருகில் வந்து, குச்சியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அங்கன ஒண்ணும் வாசிக்காத. அங்கனதான் தம்பி மூச்சு இழுத்தான். வெறும் வாயுதான் இருந்துச்சு. அந்த எடம் காலியா இருக்கட்டும்.” அதன் பிறகு என் கை அங்கே போகவில்லை.

பாட்டு இவ்வளவுதான்:

எறங்குன்னாங்க எறங்குனான்
ஏறுன்னு சொல்ல யாருமில்ல
மூடி தொறந்தே கெடக்குது
மூச்சு மட்டும் மேல வல்ல
எறங்கு... எறங்கு...

வாசித்துப் பார்த்தோம். எல்லாச் சொல்லும் கேட்டது. அதே சமயம் சாதிக்கின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, என் தலை ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“இது சாவுப் பாட்டுடா. ஆடுற மாதிரி இருக்கே” என்றாள்.

“ஆடுறவன் ஆடுவான்க்கா, கேக்குறவன் கேப்பான்” என்றான் சாதிக்.

“கேக்குறவன் எத்தன பேரு இருப்பான்?” என்று கேட்டாள்.

ஒரு சங்கக் கட்டடத்தில் அதை முதலில் வாசித்தோம். வந்திருந்தவர்கள் துப்புரவு வேலைக்காரர்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சில பெண்கள் வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டு கேட்டார்கள். யாரோ அதை முழுசாகப் படம் பிடித்துப் போட்டார்கள். அதிலிருந்து வேறு யாரோ கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அடுத்த மாதம் சித்திரை.

மதுரையில் சித்திரை மாதத்தில் இறங்குவது என்றால் அது ஒருத்தர்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற படத்துக்குக் கீழே ‘எறங்கு... எறங்கு...’ என்று அக்காவின் குரலை வைத்துவிட்டார்கள். குதிரை அசைகிற அசைவும் எங்கள் பேஸும் அப்படியே பொருந்தின. அது வேறு கொடுமை. தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், நாட்டுச் சர்க்கரைச் செம்பு, எல்லாவற்றுக்கும் எங்கள் பாட்டு. ஊரே வைத்துக்கொண்டது. என் அம்மா திருநகர் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டே, “இந்த அழகர் பாட்டு கேட்டியாடா? மனசுக்கு எம்புட்டு அமைதியா இருக்கு” என்றாள். எந்தக் கடையில் கேட்டாலும் எனக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்தது. பிறகு அந்தக் காலித் தட்டு வரும், சந்தோஷம் அடங்கிவிடும்.

அக்கா முழுப் பாட்டையும் எங்கள் இணையப் பக்கத்தில் போட்டு, இது யாருக்காகப் பாடியது என்று எழுதினாள். ‘சாமி பாட்டில் சாக்கடையைக் கலக்காதீர்கள்’ என்று ஒருவர் பதில் போட்டார். அவருக்கு நிறைய கைதட்டல். ஒரு திருவிழா மேடையில் எங்களைக் கூப்பிட்டார்கள். அக்கா வந்தாள். மைக்கைப் பிடித்து, “இது அழகர் பாட்டு இல்ல. எந்தம்பிய எறக்கிக் கொன்ன பாட்டு” என்றாள். விசில் பறந்தது. அதையும் ஒரு பஞ்ச் டயலாக் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் வரி முடிவதற்குள் முன்வரிசை ஆட ஆரம்பித்துவிட்டது. “எறங்கிக் குத்துங்கடா!” என்று ஒருவன் கத்தினான். அக்கா பேஸ் கிட்டாரைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டாள். நானும் நிறுத்தினேன், சாதிக்கும் நிறுத்தினான். கூட்டம் நிறுத்தவில்லை. கைதட்டிக்கொண்டு அவர்களே பாடினார்கள். முதல் தட்டை விட்டுவிட்டுச் சரியாகத் தட்டினார்கள். எனக்கு அதைப் படிக்க எவ்வளவு நாளாயிற்று.

திரும்பி வரும்போது சாதிக் சமாதானமாக ஏதோ சொன்னான். சாமி பேரோடு சேர்ந்ததால்தான் இவ்வளவு பேரிடம் போனது என்கிற மாதிரி. “அழகரு என்ன தானாவாடா எறங்குறாரு?” என்றாள் அக்கா. “அவரயும் தோள்ல தூக்கிட்டு வந்துதான் எறக்குறாங்க. ஆனா அவர மறுபடி ஏத்தி, பத்திரமா மலையில கொண்டுபோய் விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போறாங்க.” சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

வழக்கு கோர்ட்டுக்கு வர வருஷங்கள் ஆயின. அதற்குள் பாட்டுக்குப் பல சித்திரை ஆகிவிட்டது. மாரி காண்ட்ராக்டரை விட்டுவிட்டு வாழைத்தார் மண்டிக்குப் போயிருந்தான். இனி எனக்குப் பயமில்லை, உள்ளதைச் சொல்கிறேன் என்று அவனாகவே வந்தான். சாட்சிக்கு முதல்நாள் செல்லூர் டீக்கடையில் அவனை உட்கார வைத்து அக்கா பேசியபோது நாங்களும் இருந்தோம்.

“நீ ஒண்ணும் சேத்துச் சொல்ல வேணாம் மாரி. அவரு சொன்ன அந்த ஒரு வார்த்தை, அத சொன்ன மாதிரியே சொல்லு. போதும்.”

“சொல்லிருவேன்க்கா. மறக்குற வார்த்தையா அது? எம்பய தெனமும் அந்தப் பாட்டுக்குத்தானே ஆடுறான்.”

மாரி அதை அன்போடுதான் சொன்னான். அக்கா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் கோர்ட்டில் மாரி நன்றாகவே சொன்னான். மேனேஜர் வந்தார், எறங்குடா என்றார், மாட்டேன் என்றான், மறுபடி எறங்கு என்றார். அக்கா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேனேஜருடைய வக்கீல் எழுந்தார். அதட்டவில்லை, மரியாதையாகப் பேசினார்.

“போலீசுல அப்ப இந்த வார்த்தைய நீங்க சொல்லலையே?”

“அப்ப காண்ட்ராக்டரு பக்கத்துலயே நின்னாருங்க.”

“சரி. எறங்குன்னு ஒரு பாட்டு இருக்கே, கேட்டிருக்கீங்களா?”

“கேட்டிருக்கேங்க.”

“அடிக்கடியா?”

“எங்க போனாலும் அதத்தானேங்க போடுறாங்க.”

“அந்தப் பாட்டு வந்த பெறகுதான் நீங்க இந்த வார்த்தையச் சொல்றீங்க. இருக்கட்டும். மேனேஜர் அன்னைக்கு எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க.”

மாரி வாயைத் திறந்தான். ஒரு தட்டு நேரம் சும்மா நின்றான். “எறங்கு...” என்றான்.

அது பாட்டில் வருகிற மாதிரியே வந்தது. அந்த இழுவை, அந்த அசைவு, முன்னால் அந்தக் காலித் தட்டு உட்பட. கோர்ட்டில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாரிக்கு முகம் கருத்துவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். மறுபடியும் அக்காவின் மெட்டில்தான் வந்தது.

“இதுதான் மேனேஜர் சொன்னதா? இல்ல பாட்டுல கேட்டதா?” என்று வக்கீல் கேட்டார்.

மாரி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். “அவரு சொன்னாருங்க. சத்தியமாச் சொன்னாரு. ஆனா... இப்ப வேற மாதிரி வரமாட்டேங்குதுங்க” என்றான். அவன் அழுதான்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மேனேஜரை விட்டுவிட்டார்கள். பிணவறை வாசலில் நாங்களும் கேட்டோமே என்று எங்கள் வக்கீலிடம் நான் துள்ளினேன். மாரி சொல்லக் கேட்டதைத்தானே தம்பி நீங்கள் கேட்டீர்கள், மேனேஜர் சொல்லக் கேட்கவில்லையே என்றார். அதுவும் பாட்டில் டிரம்ஸ் அடித்தவன் வந்து சொன்னால் அந்தப் பக்கத்து வக்கீலுக்குக் கொண்டாட்டம் என்றார். எனக்கு அன்று அந்தப் பாட்டை, அதை முதலில் வெட்டியவனை, அசைந்து வந்த அந்தக் குதிரையை, எல்லாவற்றையும் உடைத்துப் போட வேண்டும் என்றிருந்தது. ஒரு கொலைகாரச் சொல்லை ஊர் வாயில் போட்டுப் பஞ்சுமிட்டாய் ஆக்கிவிட்டோம். அக்கா படியிறங்கி வந்தாள். “வக்கீலு நல்ல கேள்விதான் கேட்டாரு” என்றாள். மாரி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனிடம் போய், வீட்டுக்குப் போ, சாப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மாடிக்கு வந்தாள். நாங்கள் அந்தப் பாட்டைத் தொடவில்லை. பழைய பங்க் பாட்டு ஒன்றை எடுத்தோம், வேகமானது. அக்கா வாசித்தாள், ஒரு தப்பும் இல்லை. பாடும்போது மட்டும் சொற்களைப் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பாதியில் கரண்ட் நின்றது. கீழே தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

சாதிக் என்னைப் பார்த்தான். அவன் நினைப்பது எனக்குப் புரிந்தது. நான் வேண்டுமென்றேதான் சொன்னேன்.

“கரண்ட் போச்சுக்கா.”

அவள் பேஸ் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றி உறைக்குள் வைத்தாள். ஜிப்பை முழுசாக இழுத்து மூடினாள். நாங்கள் இருவரும் காத்துக்கொண்டிருந்தோம்.

“ஆமாடா. போயிருச்சு” என்றாள்.